அட்டையில் விடுபட்ட ஊர்

“பேர்ணில பிறந்து வளந்தவனுக்கே பேர்ணின்ர சரித்திரம் முழுக்கத் தெரியாது. நீ அமெரிக்காவில இருக்கிற பேர்ணின்ர சரித்திரத்தை அமெரிக்காக்காரருக்கே சொல்லப் போறியோ, பிள்ளை?”

சிவம் மாமா இதைக் கேட்டபோது அவர் கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் இருந்தது. பேர்ணை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் மாடிக் குடியிருப்புக்குக் கீழேதான் அவருடைய கடை. எல்லோருக்கும் அவர் சிவம் அண்ணை. அப்பாவோடு ஒரே காலத்தில் சுவிற்சர்லாந்துக்கு வந்தவர் என்பதால் எனக்கு மாமா.

கடையில் நின்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கறிவேப்பிலையும் ஊதுபத்தியும் சேர்ந்து மணக்கும் அந்தச் சின்ன இடத்தில் ஒரு கேள்வி விழுந்தால் அது எல்லோருக்கும் பொதுச்சொத்து.

“ஓம் மாமா. சொல்லத்தான் போறன்.”

“இங்கிலிஷிலயோ?”

“இங்கிலிஷிலதான்.”

“அவங்கள் பிழை பிடிச்சால்?”

“பிடிச்சால் நன்றி சொல்லுவன்.”

“இவளுக்கு வாய் நீளம்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முருங்கைக்காயைத் தராசில் வைத்தார்.

இந்தத் தொடரைக் கிழமைதோறும் படிப்பவர்களுக்கு நான் பெருமைக்காரி என்பது தெரியும். அம்மாவின் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்து போனது. அப்பா அதற்கும் முன்பே நின்றுவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகப் படியில் கால் வைத்த முதல் ஆள் நான். அதுவும் வைத்தியமோ கணினியோ அல்ல, வரலாறு. “வரலாறு படிச்சு என்ன வேலை செய்யிறது?” என்று கேட்டவர்களின் பெயர்களை எழுதினால் இந்தப் பக்கம் நிறைந்துவிடும். அவர்களுக்கெல்லாம் ஒரே பதிலாக நான் யோசித்து வைத்திருந்தது ஒரு சின்ன உலோகச் சின்னம். பேர்ண் பழைய நகரத்தில் விருந்தினர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் மார்பில் குத்தியிருப்பார்களே, அது.

ஒரு குளிர்காலம் முழுக்க அதற்கான வகுப்புக்குப் போனேன். கடைசியில் ஒரு பரீட்சை உலா. என்ன சொல்லப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்ட பிறகு, உண்மையான விருந்தினர் குழு ஒன்றைத் தொண்ணூறு நிமிடம் நடத்திக் காட்ட வேண்டும். பரீட்சகர் பின்னால் நடந்து வருவார்.

அந்த வசந்தத்தில் நியூ பேர்ணிலிருந்து பதினான்கு பேர் வருவதாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், எங்கள் நகரத்தின் பெயரையே சுமந்துகொண்டிருக்கும் ஒரு சிறு நகரம். அவர்கள் வரும் நாள் நீண்ட விடுமுறையின் நடுவில் விழுந்தது. வகுப்பில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் குனிந்து தங்கள் நாட்குறிப்பைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன்.

கரடி போன இடம்

நியூ பேர்ணைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது பெயர் மட்டும். அடுத்த சில வாரங்கள் நூலகத்திலேயே கழிந்தன.

நியூஸ், ட்ரென்ட் என்ற இரண்டு ஆறுகள் சந்திக்கும் முனையில் அந்த நகரம் இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, இங்கே சரிவர வாழ வழியில்லாத ஒரு பேர்ண் பிரபு, சுவிஸ்காரரையும் ஜெர்மன்காரரையும் சேர்த்துக் கப்பலேற்றி அங்கே குடியேற்றினார். போன இடத்துக்குத் தன் ஊர்ப் பெயரையே வைத்தார். பெயரோடு கரடியும் போனது. பேர்ணின் கொடியில் இருக்கும் அதே கரடி இன்றும் அவர்களுடைய கொடியில் நடக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பேர்ண் கரடி ஆண் கரடி. அதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று சிவப்பு நிறத்தில் வரைந்தே காட்டியிருப்பார்கள். நியூ பேர்ண் கரடியில் அந்தச் சிவப்பு இல்லை.

இரண்டு கொடிகளையும் கைபேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்திருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஏன், அமெரிக்காக்காரருக்கு வெக்கமோ?”

“தெரியேல்லை அம்மா.”

“உதையும் சொல்லப் போறியோ?”

“பின்ன?”

“நல்ல படிப்பு,” என்று சொல்லிச் சிரித்தார். தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது.

அந்த நகரத்தின் பெரிய மனிதர்கள் வரிசை எனக்குப் பிடித்திருந்தது. அங்கே மாளிகை கட்டிய ஓர் ஆங்கிலேய ஆளுநர் இருந்தார். மாளிகைக்காக விதித்த வரியை எதிர்த்து மக்கள் கொதித்தார்கள். பிறகு அது எரிந்துபோய், பல தலைமுறைக்குப் பின் பழைய வரைபடத்தைத் தேடியெடுத்து அதே மாதிரி மறுபடி கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் முதல் செய்தித்தாளை அச்சடித்த அச்சுக்காரரும் அந்த ஊர்தான்.

ஒரு மருந்துக்கடைக்காரரும் இருந்தார். வயிற்றுச் சீரணத்துக்கு நல்லது என்று அவர் தன் கடையில் கலந்து கொடுத்த இனிப்புப் பானம்தான் இன்று உலகமெங்கும் நீலநிற டின்னில் விற்கிறது.

இதைச் சொன்னபோதுதான் சிவம் மாமாவின் முகம் முதன்முறையாக மாறியது. அவருடைய வாசலில் அந்த நீல டின்கள் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன.

“இதைக் கண்டுபிடிச்சவன் அந்த ஊரோ?”

“ஓம் மாமா.”

“அப்ப அதை முதல்ல சொல்லு. பிரபுவை எல்லாம் பிறகு பாக்கலாம்.”

ஆறாம் இலக்க டிராம்

அந்தப் பிரபு கடைசிக் காலத்தில் இருந்தது வோர்ப் என்ற ஊரில். பேர்ணிலிருந்து ஆறாம் இலக்க டிராமில் ஏறினால் கடைசித் தரிப்பிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன்.

அப்பா பழைய நகரத்தில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறார். பேர்ணின் பழைய வீடுகளுக்குக் கீழே நிலவறைகள் உண்டு. அப்படி ஒரு நிலவறைதான் அவருடைய குசினி. மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நூறு அடி இருக்கும். இருபது வருடத்துக்கு மேலாக அந்த மணியைக் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவியும் வெங்காயம் வெட்டியும் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நித்திரைக்கு உரிய நாள்.

வோர்ப் கோட்டையை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. மதிலோரம் நின்று அவருக்குக் கதை சொன்னேன்.

நியூ பேர்ண் இருக்கும் இடம் வெறும் காடாக இருக்கவில்லை. டஸ்கரோரா என்ற மக்களின் ஊர் அங்கே ஏற்கெனவே இருந்தது. தங்கள் நிலத்தை ஒருவன் வந்து கயிறு பிடித்து அளப்பதும், தங்கள் ஆட்கள் பிடித்து விற்கப்படுவதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் நில அளவையாளர் ஒருவரும் இந்தப் பிரபுவும் படகில் ஆற்றில் மேலே போனபோது இருவரையும் பிடித்துவிட்டார்கள். அளவையாளரைக் கொன்றார்கள். பிரபுவை விட்டார்கள். பெரிய சண்டை வந்தது. கடைசியில் பிரபு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பக்கமே திரும்பி வந்து, நடந்தது எதுவும் தன் பிழையல்ல என்று எழுதி வைத்தார். ஜெர்மனில் எழுதினார், பிரெஞ்சில் எழுதினார். ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும்.

அப்பா கோட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரே கதையை இரண்டு விதமாச் சொன்னவரோ?”

“ஓம்.”

“எங்களிட்டையும் அகதி விசாரணையில இதே பேர்ணில வைச்சுத்தான் கதை கேட்டவை. மூண்டு தரம். முதல் தரம் பஸ்சில வந்தனான் எண்டிட்டு, அடுத்த தரம் லொறியில வந்தனான் எண்டு சொன்னால் சரி, கேஸ் ரிஜெக்ட்.” கைகளைக் காற்சட்டைப் பையில் விட்டார். “இவருக்குக் கோட்டை குடுத்திருக்கினம்.”

அன்று நான் நூலகத்தில் படித்த எதைக் காட்டிலும் அந்த ஒரு வாக்கியம் பிரபுவை எனக்கு விளங்க வைத்தது. ஆனால் பரீட்சைக்கு எழுதிக் கொடுத்த பிரதியில் அதை நான் சேர்க்கவில்லை. டஸ்கரோரா மக்களுக்கு ஒரு வரி கொடுத்திருந்தேன். பிரபு, ஆளுநர், அச்சுக்காரர், மருந்துக்கடைக்காரர் என்று பெரிய மனிதர்களை ஒழுங்காக அடுக்கி, ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் என்று ஓரத்தில் குறித்திருந்தேன்.

இன்னொன்றையும் படித்துவிட்டுச் சேர்க்காமல் விட்டிருந்தேன். அடிமை முறைக்காக நடந்த உள்நாட்டுப் போரில் வடக்குப் படை அந்த நகரத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. சுற்றுவட்டத்து அடிமைகள் ஆயிரக்கணக்கில் ஓடி வந்து அங்கே தஞ்சமடைந்தார்கள். ட்ரென்ட் ஆற்றின் மறுகரையில் முகாம் எழுந்தது, முகாம் குடியேற்றமானது. அங்கே பள்ளிக்கூடம் நடந்தது. பேர்ணோடு இதற்குத் தொடர்பில்லை என்று குறிப்பேட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை மூடியிருந்தேன்.

எவடம்?

இனி என் பிழைக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சூரிச் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தால் முதல் கேள்வி “நீங்கள் எவடம்?” என்பதுதான். பெயர் பிறகு வரும். ஊரைச் சொன்னால் அடுத்தது எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி அல்லது எந்தத் தேவாலயத்தடி, கடைசியில் ஆருடைய பிள்ளை. அது முடிந்தால்தான் கதை தொடங்கும்.

சுவிஸ்காரரும் இதில் எங்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். இந்த நாட்டுக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இருக்காது. ‘ஹைமாட்ஓர்ட்’ என்று ஒன்று இருக்கும். பூர்வீக ஊர். ஒருவர் தன் வாழ்நாளில் கால் வைத்தே இராத ஏதோவொரு மலைக்கிராமமாக அது இருக்கலாம். குடியுரிமை பெற்றவர்களுக்கு எந்த ஊராட்சி ஏற்றுக்கொண்டதோ அது. என் சிவப்புக் கடவுச்சீட்டில் ஹைமாட்ஓர்ட் ஓஸ்டர்முண்டிகன். அது கையில் கிடைத்த அன்று அந்த ஒரு சொல்லை நான் எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்து என் தலைக்குள் ஒரு யோசனையைப் போட்டன. வரப்போகும் பதினான்கு பேருக்கும் ஒரு படிவம் அனுப்பினேன். பெயர், முன்னோரின் ஊர். அந்த ஊர்களைத் தேடிப் பார்த்து, ஒவ்வொருவரின் கழுத்து அட்டையிலும் பெயருக்குக் கீழே ஊரை அச்சடித்துக் கொடுப்பேன். பேர்ண் மாநிலத்துச் சின்னச் சின்னக் கிராமங்களின் பெயர்கள் வந்து குவிந்தன. சிலருக்கு ஜெர்மனி, சிலருக்கு ஸ்கொட்லாந்து. எனக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை.

ஒரு படிவத்தில் மட்டும், டெனீஸ் என்ற பெண், முன்னோரின் ஊர் என்ற இடத்தில் ‘நியூ பேர்ண்’ என்று எழுதியிருந்தாள்.

கேள்வி விளங்கவில்லை போல என்று நினைத்தேன். மிகவும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். “அதற்கு முன்பு?”

பதில் ஒரு வரியில் வந்தது. “நியூ பேர்ண்.”

இது பூர்வீக ஊர் ஆகாதே என்று தோன்றியது. மற்றப் பதின்மூன்று அட்டைகளிலும் ஊர் அச்சானது. டெனீஸின் பெயருக்குக் கீழே வெறுமையாக விட்டேன். நான் இதைச் செய்தேன். பள்ளிக்கூடத்தில் தொடங்கி இன்றுவரை “சரி, ஓஸ்டர்முண்டிகன். ஆனால் உண்மையிலேயே எங்கிருந்து?” என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நான்.

பதினான்கு அட்டைகள்

காலை பத்தரைக்குக் கரடிப் பூங்காவில் தொடங்குவதாகத் திட்டம். மழை பெய்து விட்டிருந்தது. கற்கள் நனைந்து மின்னின, ஆரே ஆறு பச்சையாக ஓடியது. கரடி ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்லைத் தோண்டியது.

பரீட்சகர் திருமதி பூர்க்கி சாம்பல்நிற மழைக்கோட்டில் சற்றுத் தள்ளி நின்றார். கையில் படிவப் பலகை, மணிக்கட்டில் சின்னத் தட்டு அளவுக்கு ஒரு மணிக்கூடு. வகுப்பில் அவர் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன விதி ஒன்றே ஒன்று. மணிக்கூட்டுக் கோபுரத்தின் பொம்மைகள் ஆடத் தொடங்குவது மணி அடிக்க நான்கு நிமிடத்துக்கு முன்பு. பதினொன்று ஐம்பத்தாறுக்கு உங்கள் விருந்தினர்கள் அதன் கீழே நிற்க வேண்டும். நீங்கள் அவர்களுக்கு எதை மறந்தாலும் அதை மறக்கக் கூடாது.

அட்டைகளைக் கொடுத்தேன். ஒரே கலகலப்பு. கரடிப் படம் போட்ட கழுத்துப்பட்டி கட்டிய பெரியவர் ஒருவர் தன் அட்டையில் இருந்த கிராமத்தின் பெயரை உச்சரிக்கப் படாதபாடு பட்டார். ஒருவரின் அட்டையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

டெனீஸுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கறுப்பினப் பெண். அந்த ஊரில் தபால் விநியோகம் செய்கிறவள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கும் ஒன்றும் இல்லை. பிறகு என் மார்பில் தொங்கிய அட்டையை உன்னிப்பாகப் பார்த்தாள்.

“இதை எப்படிச் சொல்வது?”

“ஓஸ்டர்முண்டிகன்.”

“உன் ஊரா?”

“ஆம். இங்கிருந்து பத்து நிமிடம்.”

“உன் முன்னோர் எல்லோரும் அங்கேதானா?”

கோபமே இல்லை. கண்ணில் சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. காது இரண்டும் சூடேறியது. கரடிப் பெரியவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

“எவ்வளவு காலம் ஆனதும் ஒரு ஊர் சொந்த ஊர் ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்,” என்றாள் டெனீஸ். “உங்கள் சட்டம் என்ன சொல்கிறது?”

சட்டம் சொல்வது எனக்குத் தெரியும். நானே அந்தச் சட்டத்தின் பிள்ளை. பையிலிருந்து பேனையை எடுத்து, அவள் கையிலிருந்த அட்டையை வாங்கி, என் கையெழுத்தில் ‘நியூ பேர்ண்’ என்று எழுதிக் கொடுத்தேன். திருமதி பூர்க்கி தன் பலகையில் ஏதோ குறித்தார்.

பாலத்தில் நின்ற நேரம்

அடுத்த இடம் ஆற்றைக் கடக்கும் பாலம். பிரதியில் அதற்கு ஆறு நிமிடம். ‘உங்களுக்கு இரண்டு ஆறு, எங்களுக்கு ஒரே ஆறு வளைந்து மூன்று பக்கமும் ஓடுகிறது’ என்று ஒரு நல்ல வாக்கியம் பாடமாக்கி வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். பிரபு படகில் வந்து இறங்கியதைச் சொல்லத் தொடங்கினேன்.

பாதியில் என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது. பாலத்தின் கம்பியில் சாய்ந்து டெனீஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி வைத்த அந்தப் பக்கம் என் நினைவில் தானாகத் திறந்தது.

பிரதியில் இல்லாத ஒன்றைச் சொன்னால் என்ன ஆகும் என்பது தெரியும். இந்தச் சின்னத்துக்காகவே ஒரு குளிர்காலம் முழுக்க வேலை முடித்துப் பசியோடு வகுப்புக்கு ஓடியிருக்கிறேன். அதுவும் தெரியும்.

“நான் உங்களுக்கு ஒரு கரையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்,” என்றேன். “மறுகரையும் இருக்கிறது.”

முதலில் டஸ்கரோரா ஊரைச் சொன்னேன், ஒரு வரியில் அல்ல. பிரபு ஒரே கதையை இரண்டு விதமாக எழுதியதைச் சொன்னேன். அப்பா சொன்னதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். கரடிப் பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ட்ரென்ட் ஆற்றின் மறுகரைக்கு வந்தேன். தப்பி வந்தவர்களின் முகாமைச் சொன்னேன். அடிமைத்தளையிலிருந்து ஓடிப் போய், திரும்பி வந்து வடக்குப் படைக்கு ஒற்றராக வேலை செய்து, போருக்குப் பிறகு மாநிலச் சபையில் போய் அமர்ந்த ஒரு மனிதரைச் சொன்னேன். அங்கே நடந்த பள்ளிக்கூடத்தைச் சொன்னேன்.

“பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்து எழுத்துப் படித்திருக்கிறார்கள்,” என்றேன்.

“ஒரே வாங்கில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து,” என்றாள் டெனீஸ்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“எங்கள் குடும்பத்தில் ஒருத்தி அங்கே படித்தாள். ஐந்து தலைமுறைக்கு முன்பு. பகலில் சிப்பாய்களின் துணி துவைத்துவிட்டு, தன் மகள் இருந்த அதே வாங்கில் போய் இருப்பாளாம். மகள் அவளைவிடக் கெட்டிக்காரி. அதனால் அம்மாவுக்கு வகுப்பில் ஒரே கோபமாம்.” கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். “எழுதப் பழகியதும் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே ‘நியூ பேர்ண்’ என்று எழுதினாள். எங்கள் வீட்டில் ஒருவர் எழுதிய முதல் சொற்கள் அவைதான். அதற்கு முன்பு எங்களைப் பற்றி எழுதியதெல்லாம் மற்றவர்கள்.”

பாலத்தில் பேருந்து ஒன்று போனது.

அப்போது எனக்குப் புரிந்தது. என் படிவத்துக்கு அவள் இரண்டு தடவையும் சரியாகத்தான் பதில் எழுதியிருந்தாள். அந்த நகரத்தின் பெரிய மனிதர்கள் என்று நான் அடுக்கியிருந்த வரிசையில், தன் ஊரின் பெயரைத் தானே எழுதிய ஒருத்தி இல்லை. அந்த ஒருத்தியும் தன் வீட்டில் முதலாவதாகப் படித்தவள். என்னைப் போல.

எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன, வேதாகமம் இப்போது எங்கே, அந்த ஒற்றரின் வீடு எந்தத் தெருவில் இருந்தது. அதே நகரத்தில் ஆயுள் முழுக்க வாழ்ந்தவர்கள், டெனீஸ் நாளும் தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வீட்டுக்காரர்கள், இதை இங்கே, இந்தப் பாலத்தில் நின்றுதான் அவளிடம் கேட்டார்கள். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

சேவல் கூவி முடிந்திருந்தது

பிறகு ஓட்டம்தான். ஆளுநரை நடந்துகொண்டே சொன்னேன். அச்சுக்காரரை ஒரு நீரூற்றுக்கு முன்னால் மூச்சிரைக்க முடித்தேன். மருந்துக்கடைக்காரரை விட்டுவிட மனம் வரவில்லை. சிவம் மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? வளைவுகளுக்குக் கீழே ஓடிக்கொண்டே நீல டின்னின் கதையைச் சொன்னேன். “அது எங்களுக்குத் தெரியும்,” என்று பதினான்கு குரல்கள் வந்தன.

அப்பாவின் உணவகத்தைத் தாண்டும்போது நிலவறைப் படிக்கட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் மணம் வந்தது. அதே நொடியில் மேலே மணி அடிக்கத் தொடங்கியது. பன்னிரண்டு.

கோபுரத்தின் கீழே கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சேவல் கூவி முடிந்திருந்தது. கரடிப் பொம்மைகள் தங்கள் சுற்றை முடித்து நின்றுவிட்டன. என் பதினான்கு பேரும் அண்ணாந்து, அசையாத பொம்மைகளைப் பார்த்தார்கள்.

“ஒரு மணிக்கு மறுபடி வருமல்லவா?” என்றார் கரடிப் பெரியவர். “சாப்பிட்டுவிட்டு வருகிறோம். அதற்குள் எனக்கு என் கிராமத்தின் பெயரைச் சொல்லப் பழக்கிவிடு.”

டெனீஸ் போகும்போது தன் அட்டையைக் காட்டி, “இதை நான் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டாள். அச்சடித்தது இன்னொன்று தருகிறேன் என்றேன். வேண்டாம், கையால் எழுதியதுதான் வேண்டும் என்றாள்.

திருமதி பூர்க்கி என்னை வளைவுக்குக் கீழே இருந்த வாங்கில் உட்கார வைத்தார். பலகையை என் பக்கம் திருப்பினார். குரல், பாதுகாப்பு, குழுவைக் கையாளுதல் என்று எல்லாவற்றிலும் சரி. நேரம் என்ற கட்டத்தில் சிவப்பு.

“மணிக்கூட்டுக் கோபுரம் வேண்டாம் என்று ஒரு வழிகாட்டி முடிவு செய்யலாம்,” என்றார். “அதைத் தவறவிடக் கூடாது. இன்று உங்களுக்குச் சின்னம் தர முடியாது.”

தலையாட்டினேன். அழக் கூடாது என்று மேலே பொம்மைச் சேவலையே பார்த்தேன்.

“பாலத்தில் சொன்னது உங்கள் பிரதியில் இல்லை.”

“இல்லை.”

“ஏன் இல்லை?”

பேர்ணோடு தொடர்பில்லை என்று நினைத்தேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நான் நாற்பது வருடம் இந்த வேலை செய்கிறேன். ஊர்க் கதை கேட்க வந்தவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு நான் பார்த்தது குறைவு. அதை எழுதித் தாருங்கள். எனக்கு அது பிரதியில் வேண்டும். பிறகு இன்னொரு தடவை நடத்துங்கள். உள்ளடக்கத்தை எழுத்தில் பார்த்துவிடுவேன். நேரத்தை மட்டும் பார்க்க வருகிறேன்.”

“குழு?”

“நீங்களே கொண்டுவாருங்கள். குறைந்தது பத்துப் பேர்.”

“எந்த மொழியிலும் நடத்தலாமா?”

அவர் தன் பெரிய மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். “எனக்கு இது விளங்கும். போதும்.”

கடைக் கண்ணாடியில்

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா முதலில் கேட்டது, “அப்ப கரடியின்ர கதை சொன்னியோ, இல்லையோ?” சொல்ல நேரமே கிடைக்கவில்லை என்றேன். அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

பிரதியைத் திருப்பி எழுத இரண்டு கிழமை எடுத்தது. பாலத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கினேன். ஆளுநருக்கு மூன்று. டெனீஸுக்கு அனுப்பி, அவளுடைய குடும்பத்துப் பகுதியைத் திருத்தி வாங்கினேன். அவள் சேர்த்தது ஒரே ஒரு வரி. மகள் பிறகு அதே ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை ஆனாளாம்.

போன வெள்ளிக்கிழமை சிவம் மாமாவின் கடைக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினேன். ‘இரண்டு பேர்ண் நகரங்களின் கதை. தமிழில். தொண்ணூறு நிமிடம்.’ கீழே இரண்டு நிரல், பெயர், ஊர். ஊருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘நீங்கள் எழுதுவதே சரி.’

சிவம் மாமா வெளியே வந்து கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

“உதென்ன, நீங்கள் எழுதுவதே சரி? நான் நியூயோர்க் எண்டு எழுதினால்?”

“நியூயோர்க் எண்டே அட்டை அடிப்பன்.”

“அமெரிக்காக்காரருக்குச் சொல்லுறதை விட்டிட்டு இப்ப எங்களுக்குச் சொல்லப் போறியோ?”

“ஓம் மாமா. நீங்கள் இருபத்தைஞ்சு வருசமா இஞ்சை இருக்கிறியள். அந்தச் சேவல் கூவிப் பாத்தனீங்களோ?”

அவர் உள்ளே போய்ப் பேனையோடு வந்தார். நிறைய நேரம் தாளின் முன் நின்றார். ஊர் என்ற இடத்தில் முதலில் தன் யாழ்ப்பாணத்து ஊரை எழுதினார். பிறகு காற்புள்ளி போட்டு, ஓஸ்டர்முண்டிகன் என்றும் எழுதினார்.

“அட்டை கொள்ளுமோ?”

“கொள்ளும் மாமா.”

திங்கட்கிழமைக்குள் பன்னிரண்டு பெயர் சேர்ந்துவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில் லீவு கேட்டிருக்கிறார். அப்பா, தன் தலைமைச் சமையற்காரரிடம் பகல் பன்னிரண்டு மணிக்கு முந்திய அரை மணித்தியாலம் கேட்டிருக்கிறார். இருபது வருடத்தில் மதிய நேரத்தில் அவர் கேட்ட முதல் விடுப்பு என்று சமையற்காரர் ஆச்சரியப்பட்டாராம். தாளில் அப்பாவின் பெயர் கடைசியில் இருக்கிறது, பெரிய, சாய்ந்த எழுத்தில்.

நேற்றுக் காலை வேலைக்குப் போகும் வழியில், புதிய பிரதியையும் திகதியையும் திருமதி பூர்க்கிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பின்னேரம் அட்டைகளையும் அச்சடித்து முடித்தேன். இந்த முறை யாரிடமும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அப்பாவின் அட்டையில், பெயருக்குக் கீழே, அவர் எழுதியபடியே ‘குசினி’ என்று இருக்கிறது.